எண்பது டிரே கோதுமை

பேன்ட் போட்டுக்கொண்டு விவசாயம் பேசும் மருமகனை எந்தக் குடும்பமும் நம்பக் கூடாது. என் மாமனார் குடும்பம் நம்பியது. அதனால் என் மச்சினன் செந்திலின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. குற்றவாளி நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

செந்தில் தங்கமான பையன். வயது முப்பத்தொன்று, சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருந்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் வந்தால் பையனைப் பார்ப்பதற்கு முன்னால் தோட்டங்காட்டைப் பார்ப்பார்கள். வில்லங்கம் அங்கேதான். மாமனாரின் இரண்டு ஏக்கர் காடும் உவர் நிலம். வெயில் ஏற ஏற மண்மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதைப் பார்த்துவிட்டு மூன்று வரன்கள் "போன் பண்றோமுங்க" என்று காரைத் திருப்பிக்கொண்டு போயின. ஒரு போனும் வரவில்லை.

நான்காவதாக சோமனூரிலிருந்து ஒரு தறிக்காரர் குடும்பம், தை பிறந்ததும் வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பியது. மாமியாருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்து நான் வாயைத் திறந்தேன்.

"மாமா, கோதுமை போடலாமுங்க."

மாமனார் என்னை நிதானமாகப் பார்த்தார். "மாப்ளே, அந்தக் காட்டுல சீமைக் கருவேலமே ரோசனை பண்ணித்தான் முளைக்குதுங்க."

எனக்கு எங்கிருந்து இந்த ஞானம் என்றால், நான் முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் பிரிவைப் பார்த்துக்கொள்பவன். அங்கே அயர்னிங் மாஸ்டர் சுரேந்தர், உத்தரப் பிரதேசத்துக்காரர். தங்கள் ஊரில் உப்பைத் தாங்கி வளரும் கோதுமை ரகம் இருக்கிறது என்று ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார். போதாதா? அவர் ஊருக்குப் போனபோது சொல்லி ஒரு மூட்டை விதையை வரவழைத்துவிட்டேன்.

எங்கள் தொழிலில் எதையும் எடுத்தவுடன் மொத்தமாகச் செய்ய மாட்டோம். முதலில் ஒரு சாம்பிள். அது தேறினால்தான் பல்க், அதாவது மொத்த உற்பத்தி. அதே முறையில், காட்டு மண்ணை ஒரு பிளாஸ்டிக் டிரேயில் அள்ளி வந்து, கம்பெனி மொட்டை மாடியில் விதைத்தேன். கேன் தண்ணீர் ஊற்றினேன். ஆறாம் நாள் பச்சைப்பசேல் என்று முளைத்து நின்றது. போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'சாம்பிள் ஓகே' என்று எழுதினேன். மாமியார் கைகூப்பும் படங்கள் ஏழு அனுப்பினார்.

சுரேந்தர் மட்டும் டிரேயைச் சுற்றிவந்து தலையைச் சொறிந்தார். "சார், விதை நல்லா. மண்ணு பரவால்லே. காட்டுல தண்ணி என்ன தண்ணி?"

(என்ன தண்ணியா? தண்ணிதான்! எனக்கே பாடமா?)

காட்டில் இருந்தது போர் தண்ணீர். அதை வாயில் வைத்தால் முகம் தானாகவே கோணும். அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அதோடு நிற்காமல் இன்னொரு மேதாவித்தனமும் செய்தேன். சாயம் ஏற்றிய துணியில் உப்புத் தங்கினால் என்ன செய்கிறோம்? மூன்று தடவை அலசுகிறோம். மண்ணையும் அப்படியே அலசிவிட்டால்? விதைப்பதற்கு முன்னால் மூன்று நாள், அதே போர் தண்ணீரை வயல் நிறையக் கட்டி நிறுத்தினேன். தண்ணீர் காய்ந்தது. உப்பு எங்கே போகும்? முன்பு திட்டுத் திட்டாக இருந்த வெள்ளை, இப்போது இடைவெளி இல்லாமல் பூத்தது.

விதைத்துப் பத்து நாள் ஆயிற்று. மோட்டார் ரூம் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டும் மூலையில் மட்டும் ஒரு கைப்பிடி முளைத்திருந்தது. மீதி இரண்டு ஏக்கரும் மொட்டை.

தினமும் விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு போய்க் குனிந்து குனிந்து பார்ப்பேன். பச்சையாக எது தெரிந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கிட்டே போனால் பிளாஸ்டிக் பை. வீட்டிலிருந்து மாமனார் போன் போட்டு, "மாப்ளே, பயிரு எவ்வளவு ஒசரமுங்க?" என்பார். "வருதுங்க மாமா" என்பேன். (எங்கிருந்து?) மூட்டுவலி அவரைக் காட்டுப் பக்கம் வரவிடாமல் வைத்திருந்தது. அந்த மூட்டுவலி நீடிக்க வேண்டும் என்று நான் முருகனிடம் வேண்டியது உண்மை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

பயம் வந்தால் எனக்குப் புத்தி வேலை செய்யாது, கைதான் வேலை செய்யும். மொட்டை மாடியில் எண்பது டிரேக்களில் கோதுமை விதைத்து, கேன் தண்ணீராகவே ஊற்றினேன். தை வந்தபோது முழங்கால் உயரத்துக்கு ஆடியது. பெண் வீட்டார் வரும் நாள் காலையில் கம்பெனி டெம்போவில் ஏற்றிப் போய், காட்டு வழியின் இரண்டு ஓரமும் பள்ளம் பறித்து டிரேக்களை இறக்கி, விளிம்பு தெரியாமல் மண் அணைத்தேன். செந்தில் அப்போதுதான் பார்த்தான்.

"மச்சான், இது வேண்டாமுங்க. நெசத்தச் சொல்லிப்போடலாம்."

"நீ சும்மா இரு. வண்டியில இருந்தே பாத்துட்டுப் போயிருவாங்க."

அவர்கள் இறங்கினார்கள். பெண்ணின் அப்பா, அம்மா, பெண் ரம்யா. அவளும் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராம், சாம்பிளைச் சரிபார்த்துப் பல்க்குக்கு அனுப்புவதுதான் வேலை.

"அட, கோதுமைங்களா! நான் மாவாத்தான் பாத்திருக்கறேன்" என்று பெண்ணின் அம்மா மலர்ந்தார். "சாமி படத்துக்கு வெக்க ஒரு கொத்து எடுத்துக்கட்டுங்களா?"

"நான் பறிச்சுத் தாரேனுங்க" என்று நான் பாய்வதற்குள் அவர் குனிந்து ஒரு பிடி பிடித்து இழுத்தார். சாம்பிள் மண், சாம்பிள் தண்ணீர். வேர் பின்னிக்கொண்டு டிரேயை விடவில்லை. கோதுமை வந்தது. மண் வந்தது. கூடவே ஆரஞ்சு நிற டிரேயும் வந்தது. அதன் பக்கவாட்டில் எங்கள் கம்பெனியின் சிவப்பு ஸ்டிக்கர்: 'சாம்பிள்'.

பூமி பிளந்தால் நான் முதல் ஆளாக இறங்கியிருப்பேன்.

செந்தில்தான் வாய் திறந்தான். "மன்னிச்சுக்கோங்க. காடு உப்புங்க. ஒண்ணுமே வெளையாது. இருக்கறது அந்த மோட்டார் ரூம் மூலையில ஒரு கைப்பிடிதானுங்க."

பெண்ணின் அப்பா அந்த மூலைவரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். ரம்யா டிரேயையும் ஸ்டிக்கரையும் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்ணா, காடு சாம்பிள்தானாட்ட இருக்குது. பையனாச்சும் பல்க்குங்களா?"

"போன் பண்றோமுங்க" என்று கிளம்பினார்கள். வீட்டில் விஷயம் தெரிந்ததும் மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் மனைவி கவிதா எட்டு நாள் என்னோடு பேசவில்லை. தட்டு வைப்பாள், சோறு போடுவாள், போய்விடுவாள். மாமனார் எனக்குப் போன் போடுவதையே நிறுத்திவிட்டார். ஒரு பையனின் வாழ்க்கையை எண்பது டிரேயில் கெடுத்துவிட்டேனே என்று உண்மையிலேயே அழுதேன்.

ஒன்பதாம் நாள் போன் வந்தது. பெண்ணுக்குச் சம்மதமாம். "தப்ப ஒத்துக்கற பையன் வேணும்னு சொல்லிப்போட்டாளுங்க" என்றார் அவள் அப்பா.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. பந்தியில் நான் பாயசம் ஊற்றப் போனால், "சாம்பிளுங்களா, பல்க்குங்களா?" என்று இலைக்கு இலை கேட்டார்கள். இன்றுவரை கேட்கிறார்கள்.

போன மாதம் ரம்யாவுக்குப் பெண் குழந்தை. ஆஸ்பத்திரிக்குப் போனோம். துணியில் சுற்றிய குழந்தையை என்னிடம் நீட்டி, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொன்னாள்:

"பயப்படாம தூக்குங்கண்ணா. பல்க்குதான். அடியில டிரே இல்லை."

எதற்கும் கையை அடியில் கொடுத்துத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தூக்கினேன். டிரே இல்லை. ஈரம் மட்டும் இருந்தது.