எஃப்.எம். அக்கா ஏறும் பஸ்

முல்லைத்தீவிலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் காலைப் பஸ்ஸில் ஒரு வருடம் போய்வந்த பிறகும் ஒருவருக்கு இரண்டு காதும் ஒழுங்காகக் கேட்கிறதென்றால், அவர் எஃப்.எம். அக்கா வராத நாட்களாகப் பார்த்துப் பிரயாணம் செய்தவராகத்தான் இருக்க வேண்டும். நான் நாலு வருடம் போய்வந்தேன். எனக்கு இன்றைக்கும் இடது காது கொஞ்சம் மந்தம். அக்கா இருந்த பக்கம் அது.

அவரது உண்மையான பெயர் பஸ்ஸில் எவருக்கும் தெரியாது. ஐம்பது வயதிருக்கும். கணவர் நாயாற்றில் மீன்பிடித் தொழில் செய்பவர். அங்கே காயவைத்த கருவாட்டை இரண்டு அட்டைப்பெட்டிகளில் கட்டிக்கொண்டு, கிளிநொச்சிக் கடைகளுக்குக் கொடுப்பதற்காக வாரத்தில் நாலு நாள் வருவார். சாரதிக்குப் பின்னால் மூன்றாவது இருக்கை, யன்னலோரம். பெட்டிகள் காலடியில், போன் மடியில். அந்தப் போனின் ஸ்பீக்கர் எப்போதோ கிழிந்துபோனது. அதற்குள் யார் பாடினாலும் தடிமன் பிடித்து மூக்கடைத்தவர் பாடுகிற மாதிரித்தான் இருக்கும்.

புதுக்குடியிருப்பில் நான் ஏறும்போது பிள்ளையார் பாட்டுப் போய்க்கொண்டிருக்கும். அது முடிய மாதா பாட்டு. "பஸ்ஸெண்டால் எல்லாச் சனமும் இருக்கும்தானே தம்பி, ஒருத்தரும் குறை நினைக்கக்கூடாது" என்பது அக்காவின் கொள்கை. உடையார்கட்டைத் தாண்டியதும் சாமிகளுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுக் குத்துப்பாட்டுக்குப் போய்விடுவார். சாமிப் பாட்டில் கண்ணயர்ந்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் ஒரே நேரத்தில் திடுக்கிட்டு எழும்புவார்கள். நித்திரையில் வருபவர்களுக்கு விசுவமடு வரப்போகிறது என்று அறிவிக்க வேறு ஆள் தேவைப்படவில்லை.

அவரை எதிர்த்து வென்றவர் இல்லை. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் எங்களோடு வருவார். ஆயிரம் பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கியவர் என்று பெயர். ஒருநாள் அவர் எழும்பிப் போய், "பிள்ளை, இது பொது இடம், சத்தத்தைக் குறையும்" என்றார். அக்கா உடனே குறைத்தார். பிறகு மிகவும் மரியாதையாக, "ஐயாவுக்கு எந்தப் பாட்டு விருப்பம்?" என்று கேட்டார். அதிபருக்குக் கோபம் பாதி, சபலம் பாதி. தன் இளமைக்காலத்துப் பாட்டொன்றின் முதல் வரியை மெல்லச் சொன்னார். அது அக்காவிடம் இருந்தது. தர்மபுரம் வரும்வரை அதிபர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி விரலால் தாளம் போட்டார். அதற்குப் பிறகு அவர் வாரத்துக்கு ஒரு தடவை எழும்பிப் போய்க் கண்டித்துவிட்டு வந்தார்.

சாரதி வேறு வழியில் முயன்றார். பஸ்ஸிலிருந்த பாட்டுப்பெட்டியை முழுச் சத்தத்தில் போட்டார். அக்கா தன் போனை நிறுத்திவிட்டு, "நல்லது தம்பி, எனக்குச் சார்ஜ் மிச்சம்" என்று நன்றி சொன்னார். பிறகு பரந்தன் வரைக்கும், அடுத்ததாக எதைப் போட வேண்டும் என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். மறுநாள் சாரதியின் பெட்டி வாய் திறக்கவில்லை.

நான் நாகரிகமான வழியைத் தேர்ந்தேன். இரண்டு காதிலும் செருகும் வயர் ஒன்று வாங்கி, அழகான பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த நாள் இரண்டு காதிலும் வயர். போனோ வழமைபோலக் கத்திக்கொண்டிருக்கிறது.

"அக்கா, வயரைப் போனிலை குத்தேல்லையே?"

"குத்துற ஓட்டை பழுது தம்பி. எண்டாலும் நீங்கள் ஆசையாய் வாங்கித் தந்தது, போடாமல் வந்தால் மனவருத்தப்படுவியள் எண்டு போட்டிருக்கிறன்."

அதன்பிறகுதான் மனு எழுத முடிவுசெய்தேன். விவசாயத்தோடு சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவன் நான். நியாயமான ஒரு காரணத்துக்காக மனு எழுதக் கிடைப்பது எங்கள் தொழிலில் அபூர்வம். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்து பஸ் டிப்போவுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். 'பொது அமைதி' என்ற சொல் நாலு இடத்தில் வந்தது. திங்கட்கிழமை பஸ்ஸில் கையெழுத்துக்காகப் பின் இருக்கையிலிருந்து விட்டேன். கடதாசி கைமாறிக் கைமாறி முன்னுக்குப் போனது. அக்கா இருக்கிறார் என்ற யோசனை அதற்குக் கிடையாதல்லவா, அவரிடமும் போய்ச் சேர்ந்தது.

நான் இருக்கைக்குக் கீழே பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். அக்கா பாட்டை நிறுத்தவில்லை. மனுவை முதலிலிருந்து வாசித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு என்னைத் தேடித் திரும்பி, "தம்பி, சத்தத்தைப் பற்றி மட்டும்தானே எழுதியிருக்கிறியள்?" என்றார்.

"ஓம் அக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"அப்ப சரி." பேனையை வாங்கித் தானும் கையெழுத்துப் போட்டார். "உண்மைதானே, சத்தம் கொஞ்சம் கூடத்தான்" என்று பக்கத்து மனிசியிடம் சொன்னதும் எனக்குக் கேட்டது.

மனுவுக்குப் பலனும் கிடைத்தது. ஒரு மாதம் கழித்துப் பஸ்ஸுக்குள் அறிவித்தல் ஒன்றை ஒட்டினார்கள், 'கைபேசியில் சத்தமாகப் பாட்டுக் கேட்பதைத் தவிர்க்கவும்' என்று. ஒட்டிய இடம் அக்காவின் தலைக்கு மேலே. பக்கத்தில் ஒரு கொளுக்கி இருந்தது வசதியாகப் போய்விட்டது. அக்கா தன் பையை அதில் கொளுவினார். அறிவித்தல் அதற்குப் பின்னால் மறைந்துபோனது.

பிறகொரு நாள், தர்மபுரத்துக்குக் கிட்ட பஸ்ஸுக்குச் சில்லுக் காற்றுப் போய்விட்டது. எல்லோரும் இறங்கி நின்றோம். அக்கா பெட்டிகளைத் தனியே விடப் பயந்து, அவற்றையும் இறக்கிக்கொண்டு ஒரு பாலை மரத்துக்குக் கீழே நின்றார். பாட்டு இல்லை. வெட்டவெளியில் அவர் ஒருநாளும் பாட்டுப் போட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிட்டப் போனேன்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. பஸ்ஸுக்குள்ளை மட்டும் ஏன் இவ்வளவு சத்தமாய்ப் போடுறனீங்கள்?"

அவர் ஒரு பெட்டியை நிழலுக்குள் இழுத்து வைத்தார்.

"தம்பி, என்ரை பெட்டி மணக்குதோ?"

"அப்பிடியொண்டும்…" என்று இழுத்தேன்.

"பொய் சொல்லாதேங்கோ. மணக்கும். நான் விடிய எழும்பி மூண்டு தரம் சோப்புப் போட்டுக் குளிக்கிறனான். பெட்டியை ரெண்டு பொலித்தீனாலை சுத்துறனான். எண்டாலும் மணக்கும். கருவாடு கருவாடுதானே."

முன்பெல்லாம் பஸ் நிரம்பி வழிந்தாலும் அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்குமாம். வாயால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. லேஞ்சியை எடுத்து மூக்கில் வைப்பார்கள். கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். ஒரு சின்னப் பிள்ளை மட்டும், இந்த மனிசி ஏன் மணக்குது என்று தாயிடம் உரக்கக் கேட்டிருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்குப் போனபிறகு சோறு இறங்கவில்லை என்றார்.

"பிறகு ஒருநாள் போன் அடிச்சுது. பையுக்குள்ளை எங்கை கிடக்குதெண்டு தெரியேல்லை. பாட்டுப் பெலத்துக் கத்துது. எல்லாரும் திரும்பிப் பாத்து ஏசிச்சினம். ஒரு மனிசி ரெண்டு கையாலையும் காதைப் பொத்தினா. அப்பதான் பாத்தன், மூக்கிலை ஒருத்தற்றை கையும் இல்லை."

சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"பாட்டெண்டால் குறையெண்டு சொல்லுவினம் தம்பி. சொன்னால் குறைக்கலாம். மணத்தைக் குறையெண்டு சொன்னால் நான் எந்தப் பட்டனை அமத்துறது?"

அலுவலகம் போய்ச் சேர்ந்ததும், மேசை லாச்சிக்குள் வைத்திருந்த மனுப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். நல்ல கையெழுத்து. ஒரு எழுத்துப் பிழையும் இல்லை. கிழித்துப் போட்டேன்.

இப்போது எனக்கு வவுனியாவுக்கு இடமாற்றம். அங்கே பஸ்ஸில் எல்லோரும் காதில் வயரோடு ஊமைகள்போல வருகிறார்கள். போன மாதம் பழைய கொண்டக்டரைத் தற்செயலாகக் கண்டேன். "அக்கா இன்னும் வாறா சேர். புதுப் போன் வாங்கியிருக்கிறா. ஸ்பீக்கர் கிழியேல்லை. அதாலை முந்தியதை விட மோசம்" என்றார். கேட்க ஆறுதலாக இருந்தது. ஆனாலும் அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது, அவர் பாட்டே இல்லாமல் வந்த ஒரு நாள்தான்.

மழைக்காலம். முதல்நாள் பழைய போனுக்குள் தண்ணீர் போய், அது செத்துவிட்டது. அன்றைக்கு நான் ஏறும்போது பிள்ளையாரும் இல்லை, மாதாவும் இல்லை. மழைக்காக எல்லா யன்னலும் பூட்டியிருந்தது. அக்கா பெட்டிகளைக் காலால் இருக்கைக்குக் கீழே தள்ளித் தள்ளி, ஒடுங்கிப்போய் இருந்தார். இவ்வளவு சின்ன மனிசி என்று நான் அதுவரை கவனித்ததில்லை.

உடையார்கட்டில் புதிதாக ஒருவர் ஏறினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டு, கையில் பைல். இரண்டு நிமிடத்தில் லேஞ்சி வெளியே வந்தது. அவரைப் பார்த்து இன்னொருவர் சேலைத் தலைப்பை எடுத்தார். வெள்ளைச் சேட்டுக்காரர் கொண்டக்டரைக் கூப்பிட்டார்.

"என்ன தம்பி இது, இந்த மணத்தோடை ஆக்கள் எப்பிடிப் போறது? உதுகளை ஏன் ஏத்துறியள்?"

கொண்டக்டர் நல்ல பொடியன். அக்காவைப் பார்த்தார். அக்கா குனிந்து பெட்டிகளின் கயிற்றைப் பிடித்தார். அந்த மழைக்குள், அடுத்த தரிப்பிடத்தில் இறங்கப்போகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

நான் என் போனை எடுத்தேன். அதில் ஒரு பாட்டுக்கூட இல்லை. இணையத்தில் தேடினால் அந்த இடத்தில் சிக்னல் இல்லை. உள்ளே இருந்தது ஒன்றே ஒன்று. எல்லோரும் கட்டாயம் கேட்க வேண்டும் என்று சொல்லி அலுவலகத்தில் அனுப்பிய, நான் கேட்காமலே வைத்திருந்த, இலைகுழையை மக்கவைத்துச் சேதனப் பசளை தயாரிப்பது எப்படி என்ற முக்கால் மணித்தியால உரை. அதை முழுச் சத்தத்தில் போட்டேன்.

"அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே" என்று ஒரு குரல் பஸ்ஸை நிறைத்தது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. வெள்ளைச் சேட்டுக்காரரின் லேஞ்சி கீழே இறங்கியது.

"இதென்ன, பஸ்ஸோ வகுப்போ?" என்று கேட்டார்.

"முக்கியமான விஷயம் அண்ணை, எல்லாரும் கேக்க வேணும்" என்றேன்.

"சேர், நீங்களுமோ? கொஞ்சம் குறையுங்கோ சேர்" என்று கெஞ்சினார் கொண்டக்டர். அதிபர் முழுதாகத் திரும்பி, கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "தம்பி, நீர்தானே அந்த மனு எழுதினது?" என்றார். "ஓம் ஐயா" என்றேன். குறைக்கவில்லை. பேச்சாளர் சாணத்தில் தொடங்கி, கிளிசரியா இலைக்குப் போய், 'குவியலில் துர்நாற்றம் வீசினால்' என்று ஒரு வசனத்தை ஆரம்பித்தார். அந்த இடத்தில் மட்டும் நான் பலமாக இருமினேன்.

விசுவமடுவில் பஸ் நின்றது. அக்கா இறங்கவில்லை. கயிற்றை விட்டுவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, உவர் என்ன சொல்லுறார் எண்டு எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

"எனக்கும்தான் அக்கா. நிப்பாட்டட்டோ?"

"வேண்டாம். கிடக்கட்டும்."

பஸ் முழுக்க என்னை ஏசியது. என்னை இத்தனை பேர் ஒன்றாக ஏசியது அதுதான் முதல் தடவை. தர்மபுரம் தாண்டியபோது பார்த்தேன், அக்காவின் தலை யன்னல் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. விடியமுன் எழும்பிக் குளித்து, பெட்டி கட்டி, பஸ்ஸில் ஏறினால் பாட்டு மாற்றி மாற்றியே வருகிற மனிசி. நாலு வருடத்தில் அவர் அந்தப் பஸ்ஸில் நித்திரை கொண்டு நான் கண்டதில்லை.

பரந்தன் சந்தியில் உரை முடிந்தது. கிளிநொச்சிக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருந்தது. அக்கா எழும்பிவிடுவாரோ என்று, மறுபடியும் முதலிலிருந்து போட்டேன்.