காப்புக் கட்டிய வார்டு

ஒரு தப்பைத் திருத்தப் போய் மூன்று தப்புச் செய்வதில் எனக்குச் சிறு வயதிலிருந்தே தேர்ச்சி உண்டு. சிங்கப்பூரில் மோட்டார் காரைக் கண்டால் மாடுகள் மிரண்ட காலத்தில், இருபத்திரண்டு நோயாளிகள் அந்தத் தேர்ச்சியை நேரில் பார்த்தார்கள்.

ஓர் ஆஸ்பத்திரியில் புண் கட்டி மருந்து கொடுக்கும் டிரெசராக நான் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வார்டில் இரண்டு ராமசாமிகள். ஒருவர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை விழுந்து கால் ஒடிந்தவர். மற்றவர் மலச்சிக்கல்காரர். மலச்சிக்கலுக்கான விளக்கெண்ணெயைக் கால் ஒடிந்தவருக்குக் கொடுத்துவிட்டேன். (எழுந்து ஓட முடியாத மனிதர். மேற்கொண்டு விவரிக்க விரும்பவில்லை.)

இன்னொரு முறை மருந்து ஆள் மாறினால் வேலை போய்விடும், மாறாமலிருக்க நீயே ஒரு வழி கண்டுபிடி என்று வெள்ளைக்கார டாக்டர் சொல்லிவிட்டார்.

முதலில் கட்டில்களில் சாக்கட்டியால் எண் எழுதினேன். மறுநாள் எண்கள் இருந்த இடத்தில் இருந்தன, ஆட்கள் இல்லை. பத்தாம் எண்காரர் ஐந்தில் படுத்திருந்தார்.

"ஏண்ணே இங்க?"

"அங்க காத்து வரல. இங்கன்னா நம்ம ஊர்க்காரரு பக்கத்துல இருக்காரு."

சரி, எண்ணை ஆள்மேலேயே கட்டிவிடுவோம் என்று சிராங்கூன் ரோட்டுப் பூக்கடையில் நூல் கேட்டேன். மஞ்சள் நூல் கொடுத்தார்கள். அட்டையில் எண் எழுதிக் கோத்து, எல்லார் வலது மணிக்கட்டிலும் கட்டினேன். யாரும் மறுக்கவில்லை. சிலர் கண்ணை மூடிக் கையை நீட்டினார்கள். என் பணிவிடையில் மனம் உருகிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"நான் அவுக்கிற வரைக்கும் யாரும் அவுக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

ஒரு வாரம் மருந்து ஆள் மாறவில்லை. ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்த ஆட்டுக்கால் சூப் முழுவதும் அப்படியே திரும்பி வந்தது. கெட்டுப்போயிருக்குமோ என்று டாக்டர் ஒரு கிண்ணம் குடித்துப் பார்த்தார். நான் இரண்டு குடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்குமேல், குணமானவர்களும் வீட்டுக்குப் போக மறுத்தார்கள். கட்டில்கள் நிரம்பி, புதிதாக வந்தவர்கள் வராந்தாவில் படுத்தார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார்.

கடைசியில் கால் ஒடிந்த ராமசாமியிடமே கேட்டேன்.

"திருவிழாவுக்குக் காப்புக் கட்டினப்புறம் கவிச்சி தொடுவோமா ஐயா? எல்லை தாண்டிப் போவோமா?"

"எந்தத் திருவிழா?"

"கட்டுன உங்களுக்குத்தான் தெரியும். நாங்களும் ஒரு வாரமா அதத்தான் பேசிக்கிட்டிருக்கோம்."

நான் மாதா கோயிலுக்குப் போகிறவன். காப்புக்கும் விரதத்துக்கும் எனக்கும் வெகுதூரம். டாக்டரிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கியதில், வார்டில் நான் புது மதம் தொடங்கியிருக்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் மருந்துப் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"ஒரு வாரமாக மருந்தில் தப்பே இல்லை. எண் இருக்கட்டும், நூலை நீலமாக மாற்று" என்றார்.

மஞ்சளை அவிழ்க்க வேண்டுமே. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும் என்று இருபத்திரண்டு பேரும் ஒரே பிடியாக நின்றார்கள். நான் தலைக்குக் குளித்து, ஈர வேட்டியோடு ஒவ்வொரு கட்டிலிலும் சூடம் காட்டி அவிழ்த்தேன். டாக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கூடவே வந்தார். அன்று மத்தியானம் சூப் போதவில்லை.

இன்றும் எங்கள் வீட்டில் விருந்தாளி யாராவது சாப்பிட்டு முடித்தும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தால், என் மனைவி எட்டிப் பார்த்து முதலில் அவர் மணிக்கட்டைக் கவனிப்பாள். பிறகு என்னிடம் மெதுவாகச் சொல்வாள்:

"நீங்க கட்டினதுதானே? போய் அவுத்து விடுங்க."