சுவரைத் தொட்டுத் திரும்பு

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, காலை பத்து நாற்பது. அந்த நிமிஷம் வரைக்கும், மாட்டுங்கா முதல் செம்பூர் வரை சல்லடை போட்டுத் தேடினாலும் சீட்டி சாரைப் போல ஒரு கிறுக்கர் கிடைக்க மாட்டார் என்று யாரிடம் வேண்டுமானாலும் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். சிரிப்புதான் வரவில்லை.

சீட்டி சார் என் மகள் பூரணி படிக்கும் ஆரம்பப் பள்ளியில் பி.டி. மாஸ்டர். பூரணி இரண்டாம் வகுப்பு. அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. கழுத்தில் சிவப்புக் கயிற்றில் ஒரு விசில். சாப்பிடும்போது மட்டும்தான் அதை வாயிலிருந்து எடுப்பார் என்பது பிள்ளைகளின் கணிப்பு. ஒரு தடவை தொண்ணூறு அடி ரோட்டில், எதிர்ப்பக்கம் போன மாணவனைக் கூப்பிட நீட்டி ஊதினார். இரண்டு ஆட்டோவும் ஒரு டெம்போவும் ஓரம் கட்டின. டெம்போக்காரர் இறங்கிவந்து பவ்யமாக லைசென்ஸை நீட்டினார். சார் அதை வாங்கினார், போட்டோவைப் பார்த்தார், ஆளை மேலும் கீழும் பார்த்தார். திருநெல்வேலி ஹிந்தியில், "தொப்பை கம் கரோ" என்று தொப்பையைக் குறைக்கச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார்.

பள்ளிக்கூடம் மும்பை தாராவியில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மூன்றாவது மாடிகளில் இருக்கிறது. முதல் மாடியிலும் கீழேயும் பை தைக்கிற பட்டறைகள். மைதானம் கிடையாது. மொட்டை மாடியில் தண்ணீர் டேங்கும் செல்போன் டவரும் குடியிருப்பதால் அதற்குப் பூட்டு. பள்ளியின் விளம்பர நோட்டீஸில் மட்டும் பச்சைப் பசேலென்று ஒரு புல்வெளி உண்டு. எந்த தேசத்துப் புல்வெளியோ, அதில் ஓடுகிற பிள்ளைகள் எல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகள். எங்களுக்கு வாய்த்தது இரண்டாவது மாடி வராந்தா. ஒரு முனையில் மாடிப்படியின் இரும்புக் கதவு, மறுமுனையில் சுவர். சீட்டி சாரின் சாம்ராஜ்யம் அவ்வளவுதான்.

அந்த வராந்தாவில் அவர் நடத்தாத போட்டி இல்லை. ரிலே ரேஸுக்கு வீட்டிலிருந்து பூரிக்கட்டை வரும். பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்து நீச்சல் சொல்லிக்கொடுத்தார். பூரணி ஒரு மாதம் சோற்றுத் தட்டின் முன்னால்கூடக் கையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். நீளம் தாண்டுதல் ஆரம்பித்த அன்று, கீழ்ப் பட்டறைக்காரர் தலையெல்லாம் சுண்ணாம்போடு படியேறி வந்தார்.

"மாஸ்டர், உம்ம புள்ளைக குதிச்சா எங்க பசை டப்பாவுல காரை விழுது."

"குதிக்கிறப்ப விழாதுவே. எறங்குறப்பதான் விழும்."

"அப்போ எறங்க வேண்டாம்னு சொல்லும்."

"நானும் அதைத்தான் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன். இன்னும் வர மாட்டேங்கு."

அவருக்கும் கணக்கு மிஸ்ஸுக்கும் ஓயாத சண்டை. பரீட்சை வந்தால் மிஸ் பி.டி. வகுப்பைப் பிடுங்கிக்கொள்வார். பரீட்சை வராவிட்டாலும் பிடுங்கிக்கொள்வார். சார் வகுப்பு வாசலை மறித்துக்கொண்டு நிற்பார். "வாய்ப்பாடு நாளைக்கும் இப்படியேதான் இருக்கும் மிஸ். இந்தப் புள்ளைக காலு இன்னிக்கு மட்டுந்தான் இந்த நீளம்." மிஸ் காதில் வாங்காமல் கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருப்பார்.

நானும் ஒரு தடவை சண்டைக்குப் போனேன். எனக்கு நாற்பது முடிந்த பிறகு பிறந்த ஒரே பிள்ளை பூரணி. அவளுக்கு வீசிங் வேறு. அவள் தும்மினால் நான் ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்கிறவள்.

"சார், அவளை ஓட விடாதீங்க. மூச்சு வாங்கும்."

"ஓடுனா எல்லாருக்கும் வாங்கத்தாம்மா செய்யும். வாங்கலேன்னா சொல்லு, டாக்டர்கிட்ட காட்டுவோம்."

ஆனாலும் அன்றிலிருந்து அவளைக் கடைசியில்தான் ஓடவிடுவார் என்றும், ஓடி முடித்ததும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார் என்றும் பூரணி சொன்னாள். நான் திருப்தியாக இல்லை. நான் எதிலும் திருப்தியாக இருக்கிற ஆள் இல்லை.

ஓட்டம்தான் அவருக்கு உயிர். வராந்தாவோ சின்னது. நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடும். அதனால் ஒரே சட்டம்: சுவர் வரை ஓடு, சுவரைத் தொடு, திரும்பி வா. போகும்போது இடது பக்கம், வரும்போது வலது பக்கம். தொடாமல் திரும்பினால் அவரிடம் மன்னிப்பே கிடையாது. "தொடாம வந்தவன் ஓடவே இல்லலே. போ, மறுபடி போ." அந்தச் சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கறுப்பாகக் கைத்தடங்கள் அப்பிக் கிடக்கும். தலைமை ஆசிரியை மேடம் ஒவ்வொரு மே மாதமும் வெள்ளையடிப்பார். மழைக்காலம் முடிவதற்குள் கறுப்பு திரும்பிவிடும்.

இப்படித் தேறிய பிள்ளைகளைத்தான் செம்பூரில் பல பள்ளிகள் சேர்ந்து நடத்திய விளையாட்டு விழாவுக்குக் கூட்டிப்போனார்கள். மேடத்துக்கு மெடலைப் பற்றி அக்கறை இல்லை. அடுத்த வருட நோட்டீஸுக்கு நிஜப் புல்லோடு ஒரு போட்டோ வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கிய பிள்ளைகள் மைதானத்தைப் பார்த்ததும் வாயடைத்துப் போனார்கள். யாரும் விசில் ஊதவில்லை, அவர்களாகவே அமைதியானார்கள். ஒரு பையன் மட்டும் சாரின் பேன்ட்டைப் பிடித்து இழுத்தான்.

"சார், இதுல நம்ம எடம் எது?"

"எல்லாமேதான்லே."

"அப்போ மத்த ஸ்கூல்காரங்க எங்க ஓடுவாங்க?"

சார் சட்டை நுனியால் விசிலைத் துடைத்துக்கொண்டார்.

முதலில் இரண்டாம் வகுப்புப் பையன்களின் ஓட்டம். எங்கள் பையன்கள் மூன்று பேர் எல்லாரையும் பின்னால் தள்ளிவிட்டு வந்தார்கள். ஒருவன் நாடாவை நெஞ்சால் இழுத்துக்கொண்டு போனான். மற்ற பள்ளிப் பிள்ளைகள் கோட்டில் நின்றார்கள். எங்கள் பையன்கள் நிற்கவில்லை. நேராகப் போய், மைதானத்துக் கடைசியில் இருந்த காம்பவுண்ட் சுவரை அறைந்துவிட்டு, வலது பக்கம் பார்த்துத் திரும்பி, அதே வேகத்தில் புறப்பட்ட இடத்துக்கே ஓடிவந்தார்கள். நாடா இன்னும் அவன் கழுத்தில் இருந்தது. அடுத்த ஓட்டத்துக்கு வரிசையில் நின்றவர்கள் இவர்கள் எதிரே வருவதைப் பார்த்துச் சிதறினார்கள். மைக்கைப் பிடித்திருந்தவர், "அரே பாபு, ரேஸ் கதம், ருக் ஜா" என்று நிற்கச் சொல்லிக் கெஞ்சினார். மைதானமே சிரித்தது. எனக்கும் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு.

சிரிக்காதவர் சீட்டி சார் ஒருவர்தான். எழுந்து நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. ஓட்டம் முடிகிற கோட்டைப் பார்த்து வேகமாக நடக்க ஆரம்பித்தவரை மேடம் கைகாட்டி நிறுத்தினார்.

"சார், சீஃப் கெஸ்ட் கிளம்பறார். ஒரு குரூப் போட்டோ. ரெண்டே நிமிஷம்."

"மேடம், அடுத்தது பொட்டப்புள்ளைக ஓட்டம். நான் அந்தக் கோட்டுல போய் நிக்கணும்."

"அங்க வாலன்ட்டியர்ஸ் இருக்காங்க. கொஞ்சம் சிரிச்ச மாதிரி நில்லுங்க சார்."

அந்தப் போட்டோ இப்போது நோட்டீஸில் வந்திருக்கிறது. சாரை ஓரத்தில் வெட்டிவிட்டார்கள். முழங்கை மட்டும் மிச்சம்.

பத்து நாற்பது. பூரணி கடைசி லேனில் நின்றாள். மற்ற லேன்களுக்கு எதிரே சுவர் இருந்தது. அவள் லேனுக்கு எதிரே இருந்தது கேட். வடாபாவ் கொண்டுவந்த டெம்போவுக்காக அதை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். நான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். திரையில் என் மகள் சின்னதாகிக்கொண்டே போனாள். கோட்டைத் தாண்டினாள். டெம்போவைத் தாண்டினாள். இரண்டு விரலால் திரையைப் பெரிதாக்கினேன். கேட்டுக்கு அப்பால் ரோடு மட்டும் தெரிந்தது.

தொடுவதற்குச் சுவர் இல்லாததால், சுவரைத் தேடிக்கொண்டு என் மகள் செம்பூருக்குள் ஓடிவிட்டாள்.

சார் காது கிழிய ஊதினார். அந்த மைதானத்தில் அத்தனை பள்ளி மாஸ்டர்களும் ஊதிக்கொண்டிருந்தார்கள், எந்த ஊதல் எந்தப் பிள்ளைக்கு என்று யாருக்குத் தெரியும். பிறகு அவரும் ஓடினார். சீஃப் கெஸ்ட்டின் நாற்காலி கவிழ்ந்தது. நானும் பின்னால் ஓடினேன். முதல் சிக்னலிலேயே எனக்கு மூச்சு முட்டிவிட்டது. மூன்று பக்கம் ரோடு பிரிந்தது. மேலே ஃப்ளைஓவர், கீழே பஸ்ஸும் லாரியும். சாரும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவள் மூச்சுக்கு அடிக்கிற பம்ப் என் கைப்பையில் இருந்தது. அதைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டு அந்தச் சிக்னலில் நின்றேன். ஒரு பிச்சைக்காரி என்னைப் பார்த்து, "க்யா ஹுவா, பெஹன்" என்று கேட்டாள். அன்றைக்கு என்னிடம் என்ன ஆச்சு என்று கேட்டது அவள் ஒருத்திதான்.

தாய் அங்கேயே இருக்க வேண்டும் என்று என்னைத் திரும்ப மைதானத்து கேட்டுக்குக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். என் கணவர் அம்பர்நாத் ஃபேக்டரியில் ஷிஃப்டில் இருந்தார், போன் எடுக்கவில்லை. சாரின் போன் பஸ்ஸுக்குள் அவர் டிபன் பையில் அடித்துக்கொண்டிருந்தது. போலீஸ் ஹவல்தார் வந்தார். மேடம் அவரிடம் சொன்ன முதல் வாக்கியம், "அவர் எங்க பர்மனென்ட் ஸ்டாஃப் இல்ல" என்பது. காணாமல் போனது அவர் என்பதுபோல.

"மாஸ்டர் பேரு என்ன?" என்றார் ஹவல்தார்.

மேடம் கணக்கு மிஸ்ஸைப் பார்த்தார். கணக்கு மிஸ் என்னைப் பார்த்தார். நாடா மாட்டியிருந்த பையன் சொன்னான்: "சீட்டி சார்."

ஹவல்தார் 'சீட்டிவாலா' என்று எழுதிக்கொண்டார். அதற்குள் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில், பி.டி. மாஸ்டர் ஒரு பெண்பிள்ளையோடு மாயம் என்று செய்தி வந்துவிட்டது. அழுகிற முகங்களும் கும்பிடுகிற கைகளும் வரிசையாக வந்து விழுந்தன. மைதானத்தில் மூன்றாம் வகுப்பு சாக்கு ஓட்டம் ஆரம்பமாயிற்று. அதை ஏன் நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமையே சாரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பெற்றோர் கூட்டத்தில் நான் எழுந்து, கேட்டைத் திறந்துபோட்டது யார், கோட்டுக்குப் போனவரைப் போட்டோவுக்குப் பிடித்து வைத்தது யார் என்று கேட்டேன். "ஒரு அம்மாவா நீங்க எமோஷனலா இருக்கீங்க, எங்களுக்குப் புரியுது" என்றார் மேடம். கை தட்டினார்கள். எதற்கென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இப்போது பி.டி. வகுப்பில் டிவியில் ஒரு பொம்மை முயல் குதிக்கிறது, பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். வராந்தாச் சுவரில் பெயின்டரை வைத்து, ஓடுகிற பிள்ளைகளின் படம் வரைந்திருக்கிறார்கள். கீழே 'தொடாதீர்கள்' என்று ஒரு போர்டு. சீட்டி சார் பாண்டுப்பில் ஏதோ அடுக்குமாடி சொசைட்டியில் வாட்ச்மேனாக இருப்பதாகக் கேள்வி. அங்கே விசிலுக்காவது மரியாதை இருக்கும்.

பூரணி ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பிறகு ஒரு நாள், நான் சப்பாத்தி இட்டுக்கொண்டிருக்கும்போது அவளாகவே சொன்னாள்.

"அந்தப் பக்கம் எல்லாம் கடைம்மா. கடைக்குச் செவுரே இல்ல. அப்புறம் ஒரு பில்டிங் செவுரு வந்துச்சு. தொட்டேன். திரும்பினா க்ரவுண்டக் காணோம்."

"அழுதியா?"

"மூச்சு வாங்குச்சு, அழ முடியல. சார் வந்து ஃபுட்பாத்ல பக்கத்துல உக்காந்துட்டாரு. அவருக்கும் வாங்குச்சு. ரெண்டு பேரும் வாங்கினோம்."

"அப்புறம்?"

"என் முதுகத் தடவிட்டே இருந்தாரு. கரும்பு ஜூஸ்காரர் தண்ணி குடுத்தாரு. மூச்சு சரியாவற வரைக்கும் எந்திரிக்கக் கூடாதுன்னு சார் சொன்னாரு. ரொம்ப நேரம் உக்காந்திருந்தோம்."

அந்த ரொம்ப நேரம் முழுக்க நான் கேட் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். ஒவ்வொரு ஆம்புலன்ஸ் சத்தத்துக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். உச்சி வெயில் ஏறியபோது ரோட்டின் எதிர்ப்பக்கம் அவர்கள் தெரிந்தார்கள். சார் வெறுங்காலோடு வந்தார். ஒரு கையில் வார் அறுந்த செருப்புகள், மறு கையில் பூரணியின் மணிக்கட்டு. இரண்டு பேரும் கோயில் தேரைப்போல அசைந்து அசைந்து வந்தார்கள். பூரணி என்னைப் பார்த்துவிட்டுக் கையை உதறினாள். அவர் விடவில்லை. ரோட்டைக் கடந்து, கேட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் விட்டார். மேடமும் ஹவல்தாரும் இரண்டு பக்கமிருந்தும் வந்தார்கள். அவர் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து பூரணியிடம் சொன்னார்:

"ஓடாத தாயி. நடந்தே போ. ஒங்கம்மா எங்கயும் போயிற மாட்டாங்க."