டெம்போவில் போன பேக்கிங் லிஸ்ட்

நல்லூர், திருப்பூர்
12.9.2003

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அருள்குமார் அவர்களுக்கு, மாமன் அங்கமுத்து எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அத்தையின் முழங்கால் தவிர எல்லோரும் சௌக்கியம். பெங்களூரில் நீங்களும் தமிழ்மதியும் நன்றாக இருக்க மாகாளியம்மன் துணை.

நிற்க. உங்கள் ஆபீசில் கழித்த யூனிக்ஸ் ஸ்கிரீன் ஆறையும், கூடவே மூஞ்சியே இல்லாத ஒரு கறுப்புப் பெட்டியையும் நம் பனியன் கம்பெனிக்கு அனுப்பினீர்களே, ஆடி மாதம் அனுப்பியதே தப்பு. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரே ஸ்கிரீனில் நாலு ஜன்னல். ஒன்றில் கட்டிங் கணக்கு, ஒன்றில் ஸ்டிச்சிங் கணக்கு. பக்கத்துக் கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டுக் காபி கொடுத்துக் காட்டினேன். இன்று மானம் போயிற்று.

நமக்கு வந்த முதல் நேரடி எக்ஸ்போர்ட் ஆர்டர் பெருமாநல்லூர் பேக்கிங் யூனிட்டில் நிற்கிறது. பேக்கிங் லிஸ்ட் வராமல் சரக்கைப் பாஸ் பண்ண மாட்டேன் என்று சரக்கு வாங்கும் பையரின் ஆள் அங்கே உட்கார்ந்துவிட்டார். லிஸ்டோ இங்கே கம்ப்யூட்டர் பார்க்கும் நம் அனுசுயாவின் ஸ்கிரீனில் ரெடியாக இருக்கிறது, பிரிண்டரில் மை இல்லை, அந்தப் பெண்ணும் கலர் பார்க்க வீரபாண்டி சாயப்பட்டறைக்குப் போய்விட்டது. ஜாப் ஒர்க்குக்கு ஓவர்லாக் தையல் மிஷினையே தூக்கி அனுப்புகிறவன், ஒரு ஸ்கிரீனைத் தூக்க மாட்டேனா? ஒயரைப் பிடுங்கி, பெட்ஷீட் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு டெம்போவில் ஏறினேன். "தவசி, வேகத்தடையில மெதுவாப் போ கண்ணு, எழுத்து கலைஞ்சிரும்"னு டிரைவர்கிட்ட சொல்லிக்கிட்டே போனேனுங்க.

அங்க போய் மாட்டுனா லிஸ்டைக் காணோமுங்க. ஸ்கிரீன் பூரா கறுப்பும் வெள்ளையும் கலந்த கிரே மெலாஞ்ச் துணியாட்டம் ஒரு நிறம், நட்ட நடுவுல ஒரு பெருக்கல் குறி. நம்ம செக்கிங்ல ரிஜெக்ட் பீசுக்குப் போடுவமே, அதே குறி. அந்த ஆளு கண்ணாடியைத் துடைச்சுப் பார்த்துட்டு, "ஏனுங்க, சரக்கு ரிஜெக்ட்டுன்னு உங்க மிஷினே சொல்லுதுங்களே"ங்கறாரு. நாளைக்குப் பத்து மணிக்குள்ள லிஸ்ட் வரலீன்னா ஆர்டர் கேன்சலாம். எனக்கு அழுகையே வந்திருச்சுங்க மாப்பிள்ளை.

ஆகவே, ஸ்டோர் ரூமில் ஒரு வேலையும் செய்யாமல் முனகிக்கொண்டு கரண்ட் தின்னும் அந்தக் கறுப்புப் பெட்டியை முதலில் பார்சல் லாரியில் திருப்பி அனுப்புகிறேன். இந்தக் கடிதம் அதன்மேல் ஒட்டியிருக்கும். ஸ்கிரீன்கள் பின்னால் வரும். தமிழ்மதிக்குச் சொல்ல வேண்டாம், வருத்தப்படும்.

சகல பாக்கியமும் பெற்று நீடூழி வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மாமன் அங்கமுத்து

பி.கு.: மறுநாள் எழுதுவது. கடிதத்தை ஒட்டிப் பெட்டியை லாரியில் ஏற்றியும் ஆயிற்று. அனுசுயா மொபெட்டில் பறந்து வந்து, "முதலாளி, லிஸ்டு பூராம் இந்தப் பெட்டிக்குள்ளதான இருக்கு, ஸ்கிரீன் வெறுங் கண்ணாடிதான்" என்று லாரிக்கு முன்னால் நின்றுவிட்டது. இறக்கி, ஸ்டோர் ரூமிலேயே மறுபடி மாட்டினோம். வேறொரு ஸ்கிரீனில் அதே லிஸ்ட், ஒரு பீஸ் குறையாமல். நான் சுமந்த ஸ்கிரீன் இன்னும் டெம்போவில்தான் கிடக்கிறது. மைக்குக் காத்திராமல் அனுசுயா அதைப் பார்த்துக் கையாலேயே எழுதி ஒன்பதுக்கெல்லாம் கொடுத்துவிட்டது, சரக்கு பாஸ். பெட்டியிலிருந்து உரித்த இந்தக் கடிதத்தைத் தபாலில் அனுப்புகிறேன்; மேலே நலம் விசாரித்தது தவிர மற்றதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். பெட்டிக்குச் சந்தனம் வைத்தோம். எது மூஞ்சி என்று தெரியாததால் நாலு பக்கமும் வைத்திருக்கிறேன்.