பளிச்சின் முழு மூளை

ஒரு துணியிலும் எண் சீட்டு இல்லை. தேய்த்து மடித்த உடுப்புகள், ஊர் பேர் தெரியாத பயணிகளைப் போல அலமாரி நெடுக அமர்ந்திருந்தன. சலவை நிலையத்துக்காரரின் மனைவி ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கணவரின் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, சீட்டெல்லாம் எங்க?”

“கொதிகலன் அடுப்புல.”

“தவறி விழுந்துடுச்சா?”

“நான்தான் போட்டேன்!” என்றார் அவர், பரிசு வாங்கிய பிள்ளையின் பூரிப்போடு.

எதைக் கொடுத்தாலும் ‘பளிச்னு ஆக்கிடலாம் சார்’ என்று சொல்லிச் சொல்லியே ‘பளிச்சு’ என்ற பட்டப்பெயரைச் சம்பாதித்தவர் அவர். முந்தைய நாள் வந்திருந்த மைத்துனன், மனிதன் தன் மூளையில் பத்தில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்துகிறான் என்றும், மிச்சம் பூட்டிய அறையாகவே கிடக்கிறது என்றும் எங்கோ கேட்டதை ஓதிவிட்டுப் போயிருந்தான். அது முதல் பளிச்சுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சொந்த வீட்டில் ஒன்பது அறைகளைப் பூட்டி வைத்துவிட்டு ஒரே அறையில் முடங்கிக் கிடப்பவனை உலகம் என்னவென்று சொல்லும்?

“சீட்டு இருக்கிற வரைக்கும் மூளை சோம்பேறியாத்தான் இருக்கும். இனிமே எது யாரோடதுன்னு எல்லாம் இங்கதான்” என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

“என் தம்பி சொன்னான்னா செஞ்சீங்க? அவன் போன வாரம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டே மூக்குக்கண்ணாடியைத் தேடினவன்!”

“அவன் இன்னும் பத்துல ஒண்ணுலயே இருக்கான். நான் தாண்டிட்டேன்.”

மனைவி இடுப்பில் கை வைத்தாள். அவள் இடுப்பில் கை வைத்தால் அது தீர்ப்பு. “சரி. இன்னைக்கு ஒரே ஒரு துணி ஆள் மாறிப் போனாலும், கடைச் சாவி என் கைக்கு வரணும். முன்னால நான் உக்காருவேன். நீங்க பின்னால இஸ்திரிப் பெட்டியோட. ஆயுசுக்கும்.”

முன்மேசையும் அதில் நடக்கும் அரட்டையுமே பளிச்சின் உயிர். இருந்தும், “சம்மதம்!” என்று மேசையில் ஓங்கித் தட்டினார்.

முதலில் வந்தவர் நரம்பியல் மருத்துவர். அவர் வாய் திறப்பதற்குள் வெள்ளை அங்கி மேசைக்கு வந்துவிட்டது. சங்கதியைக் கேட்டதும் அந்த அம்மையார் சிரித்தார். “அது கட்டுக்கதைங்க. மூளை மொத்தமும் எப்பவும் வேலை செஞ்சுக்கிட்டுதான் இருக்கு. சும்மா கிடக்கிற இடமே கிடையாது.”

“உங்களுக்கு இல்லாம இருக்கலாம் டாக்டரம்மா. எனக்கு நேத்துதான் திறந்துச்சு.”

அதன்பின் ஒரே அமர்க்களம். வக்கீலுக்கு வெள்ளைச் சட்டை, பாட்டு வாத்தியாருக்குச் சந்தன நிறப் பட்டுச் சட்டை, வங்கி மேலாளருக்கு இன்னொரு வெள்ளைச் சட்டை என்று, மனம் யோசிக்கும் முன்னே கை எடுத்துக் கொடுத்தது. கூட்டம் வாயைப் பிளந்தது. ஒருவர் கைதட்டியே விட்டார். மனைவி மட்டும் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

அலமாரி காலியான வேளையில் வங்கி மேலாளர் திரும்பி வந்தார்.

“என்னய்யா இது? என் சட்டை சந்தனக் கலரு. நீ வெள்ளையைக் கொடுத்திருக்கே!”

பளிச்சு சட்டையை வாங்கிப் புரட்டினார். நினைத்துப் பார்த்தார். உண்மைதான், மேலாளர் கொண்டுவந்து போட்டது சந்தன நிறச் சட்டையேதான். ஓரக்கண்ணால் பார்த்தார். நல்லவேளையாக மனைவி கொல்லைப்புறத்தில் இருந்தாள்.

“சார், சத்தம் போடாதீங்க. ஒரு மணி நேரத்துல வங்கிக்கே கொண்டுவரேன்!”

வெள்ளைச் சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார். ஓட ஓட, முழு மூளையும் துப்புத் துலக்கியது. வெள்ளையே உடுத்துபவர் வக்கீல். ஆகவே இது வக்கீலுடையது. ஆகவே வக்கீல் உடுத்தியிருப்பது வேறொருவருடையது! இவ்வளவு கூர்மை தமக்குள் இருந்ததா என்று ஓட்டத்தினூடே அவருக்கே மெய்சிலிர்த்தது.

நீதிமன்ற வாசலில் வக்கீலைப் பிடித்தார்.

“சார், நீங்க போட்டிருக்கிறது உங்க சட்டை இல்ல!”

“யோவ், வழக்கு கூப்பிடப் போறாங்க. இது என் சட்டைதான்யா.”

“நினைப்பு சார். நீங்க பத்துல ஒண்ணுல நினைக்கிறீங்க.”

குழம்பிய வக்கீல் கழிப்பறைக்குள் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். “மூச்சே விட முடியலையே!”

“கஞ்சி சார். போகப் போக இளகும்.”

இப்போது பளிச்சின் கையில் ஓர் அகலமான வெள்ளைச் சட்டை. அகலமான ஆள் யார்? பாட்டு வாத்தியார்! அவருக்குக் காலையில் கொடுத்தது எது? சந்தன நிறம்! “பிடிச்சுட்டேன்!” என்று நடுத்தெருவில் ஒரு துள்ளு துள்ளினார்.

பாட்டு வாத்தியார் சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டார். “இது என் மாணவிங்க கொடுத்த பரிசு. இன்னைக்கு அவங்க கச்சேரிக்கு இதைத்தான் போட்டுக்கிட்டுப் போகணும்.”

“அவங்க கொடுத்தது வெள்ளை சார். பாசத்துல நிறம் மாறித் தெரியுது.”

வெள்ளையை அவர் கையில் திணித்துவிட்டு, பிடுங்கியதைக் கொண்டுபோய் வங்கியில் கொடுத்தார். மேலாளர் அணிந்து பார்த்தார். தோள் முழங்கைக்கு இறங்கியது. விளிம்பு முழங்காலைத் தொட்டது.

“கலரு சரி. ஆனா என்ன இவ்வளவு தொளதொளன்னு...” மேலாளரின் முகம் மெல்ல மலர்ந்தது. “அப்படின்னா நான் இளைச்சிருக்கேன்! வீட்டுல போய்க் காட்டணும்!”

பளிச்சு வெற்றிப் பெருமிதத்தோடு கடைக்குத் திரும்பினார். அந்தப் பெருமிதம் மாலை வரைக்கும்தான் தாங்கியது.

முதலில் வக்கீல் வந்தார், மார்பைக் கையால் மூடிக்கொண்டு. “குறுக்கு விசாரணையில கையைத் தூக்கினேன். பொத்தான் தெறிச்சு நீதிபதி மேசையில விழுந்துச்சு. ‘இது என்ன ஆதாரம்’னு கேக்கறாரு!”

பின்னாலேயே பாட்டு வாத்தியார். “என்னைப் பார்த்ததும் பிள்ளைங்க கண்ணுல தண்ணி. கச்சேரியே முகாரியாப் போச்சு!” என்றவர், தாம் உடுத்தியிருந்த வெள்ளைச் சட்டையின் பையிலிருந்து ஒரு முகவரி அட்டையை எடுத்து நீட்டினார். அதில் வக்கீலின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது.

மனைவி பொத்தானும் ஊசியுமாக முன்னால் வந்தாள். “ஆக, இவங்க ரெண்டு பேருக்கும் காலையில கொடுத்தது சரிதான். நடுவுல நீங்கதான் போய்க் கெடுத்தீங்க.”

பளிச்சு தலையைத் தொங்கப் போட்டார். “ஆனா, மேலாளரோட சட்டை மாறிடுச்சு. அது எங்க போச்சுன்னே தெரியல.”

“ஒண்ணுன்னாலும் ஒண்ணுதான்.” அவள் கையை நீட்டினாள்.

பளிச்சு சாவியைக் கழற்றினார். முன்மேசையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். சாவி கை மாறியது. அவள் அதை இடுப்பில் செருகினாள். அவர் இஸ்திரிப் பெட்டி இருக்கும் பின்னறையை நோக்கி நடந்தார்.

அப்போது வங்கி மேலாளரின் மனைவி, சந்தன நிறப் பட்டுச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வந்தாள். “இந்தக் கூடாரம் யாரோடது? இதைப் போட்டுக்கிட்டு, இளைச்சுட்டேன் இளைச்சுட்டேன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டு வராரு மனுஷன்!” என்றவள் வக்கீலைக் கண்டதும் திகைத்து நின்றாள். கிட்டே போய், அவர் கழுத்துப்பட்டியைப் புரட்டி உள்ளே பார்த்தாள்.

“அட, நான் போட்ட தையல்! எங்க வீட்டுக்காரர் சட்டை உங்க மேல என்ன பண்ணுது?”

“அவரோடது சந்தனக் கலருன்னு சொன்னாரேம்மா!” என்று பளிச்சு அலறினார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“வாங்கினப்போ வெள்ளைதாங்க; வருஷக்கணக்கா நான் துவைச்ச துவைப்புல சந்தனமாயிடுச்சு. இப்பதான் முதல் தடவையா வெளியில சலவைக்குப் போட்டோம், அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க!”