சம்பந்தியின் சாரம் சிவந்த கதை

கிண்ணியா

அன்பின் மச்சான் நிப்றாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உங்கள் தங்கை ஹுஸ்னியாவும் மகள் இன்ஷிராவும் சுகம். என் மானத்துக்குத்தான் சுகமில்லை. போனில் சொன்னால் சத்தம் போட்டுவிடுவேன், சத்தம் போட்டால் உங்கள் தங்கை அழுவா. அதனால் தாளில் எழுதுகிறேன்.

நீங்கள் கொழும்பில் சயன்ஸ் படிப்பிப்பது எங்களுக்குப் பெருமைதான். ஆனால் போன விடுமுறைக்கு வந்து, "ஆறு வயசுப் பிள்ளைக்கு டிவி எதுக்கு மச்சான், குசினியில இருக்கிற சாமானே போதும்" என்று தொடக்கிவிட்டுப் போனீர்களே, அன்றிலிருந்து இந்த வீட்டில் முட்டை உப்புத் தண்ணீரில் மிதக்கிறது, பயறு என் சேர்ட் பையில் ஈரப் பஞ்சோடு முளைக்கிறது, அப்பச்சோடாவில் வினாகிரி ஊற்றிய எரிமலை பொங்கி என் தொப்பியில் வடிகிறது. எல்லாவற்றையும் பொறுத்தேன். மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும் என்று பிள்ளைக்குக் காட்டிக் கொடுத்தீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க ஏலாது.

என் தங்கை ஜெமீலாவின் நிலைமை உங்களுக்குத் தெரியும். உம்மாவும் வாப்பாவும் மவுத்தான பிறகு அவளைக் கரைசேர்ப்பது என் பொறுப்பு. இதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தமும் தேத்தண்ணியோடு நின்றுவிட்டன. இந்த முறை மூதூரிலிருந்து அபூதாஹிர் ஹாஜியாரும் அவர் மனைவி அசனாவும் மகனுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். சோறு போட்டோம். ஹாஜியார் வெள்ளை வெளேரென்று சாரம் உடுத்திருந்தார். மீன் பாலாணக் கறியை இரண்டாம் தரம் ஊற்றும்போது மடியில் கொஞ்சம் சிந்திவிட்டது. நல்ல மஞ்சள் கறை. நான் பார்க்க முதல் இன்ஷிரா பார்த்துவிட்டாள், கொக்கு மீனைப் பார்க்கிற மாதிரி. "ஹாஜியார் அப்பா, நான் கழுவித் தாறன்" என்று சவர்க்காரக் கட்டியோடு ஓடிவந்து ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். மஞ்சள் அப்படியே சிவந்து, வெட்டுக்காயம் மாதிரிப் பரவியது. "யா அல்லாஹ், ரெத்தம்!" என்று ஹாஜியார் எழும்ப, கதிரை விழ, நான் அலற, உங்கள் தங்கை தலையில் கைவைக்க, இன்ஷிரா மட்டும் துள்ளித் துள்ளிச் சிரித்துக்கொண்டு, "பயப்பிடாதீங்க, மாமா சொன்னவர், புளி பட்டா திரும்ப மஞ்சளாகும். தேசிக்காய் கொண்டாங்க!" என்று கத்தினாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய மானக்கேடு. தலையைக் குனிந்து உள்ளே இருக்கவேண்டிய பெண் பிள்ளை ஜெமீலா, முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையில் கத்தியும் மறு கையில் தேசிக்காயுமாக வெளியே வந்தாள். சபை நடுவில் நின்று வெட்டினாள். "சாரத்தக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க" என்று ஹாஜியாருக்கே கட்டளை போட்டுப் பிழிந்தாள். சிவப்பு மஞ்சளானது. வந்தவர்கள் தேத்தண்ணி குடிக்காமலே போனார்கள். இன்றுவரை ஒரு கதையும் இல்லை. ஜெமீலா என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதுதான் என் நெஞ்சை அறுக்கிறது மச்சான்.

ஆகவே மஞ்சள், சவர்க்காரம், வினாகிரி எல்லாவற்றையும் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இனி இந்த வீட்டுப் பக்கம் பரிசோதனை என்ற பேச்சே வேண்டாம். மற்றப்படி உங்கள் ஆயுளிலும் சம்பளத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். மாமிக்கு என் சலாம்.

இப்படிக்கு,
மனமுடைந்த மச்சான்,
நஸ்ரி

பி.கு.: தபால் கந்தோருக்குப் போக சேர்ட் மாட்டும்போது அசனா லாத்தா போன் எடுத்தா. "பொண் பாக்கப் போற வீடெல்லாம் பிள்ளையள் தலையக் குனிஞ்சு வந்து, குனிஞ்சே போயிருவாங்க. எப்பிடிப்பட்ட பிள்ளை எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்? எல்லாரும் சத்தம் போட்டு நிக்கக்குள்ள வேலையப் பாத்தவ உங்கட தங்கச்சிதான். என்ட மகனுக்கு அவதான் வேணும்" என்று சொன்னா. ஜெமீலாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். நானும் அழுதேன். மேலே எழுதிய எதையும் வாசிக்க வேண்டாம். அலுமாரியைத் திறந்துவிட்டேன். நல்லதாக இன்னொரு பரிசோதனை உடனே எழுதி அனுப்புங்கள், வெள்ளிக்கிழமை எல்லோரும் நாள் குறிக்க வருகிறார்கள். ஹாஜியார் கறுப்புச் சாரம் உடுத்து வருகிறாராம்.