கால் கழட்டுகிற பேன்ட்

இந்தக் கோடையில் யார் வந்து கூப்பிட்டாலும் மலை ஏறுவதில்லை என்று லிஃப்ட் மெக்கானிக் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டே முடிவு செய்தார். அசைக்க முடியாத முடிவு. வாயில் நுரை இருந்ததால் உடனே உரக்கச் சொல்ல முடியவில்லை. கொப்பளித்துவிட்டு வந்தபோது நுரையோடு தைரியமும் போய்விட்டிருந்தது.

கூப்பிட்டது யாரோ இல்லையே. அவருடைய மனைவி.

மெக்கானிக்குக்கு மலைமேல் கோபம் எதுவும் கிடையாது. மனிதர்கள் ஏறக்கூடாது என்பதற்காகவே வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் உழைக்கிறவர், அவ்வளவுதான். உண்மையான பயம் சகலை. மனைவியின் தங்கை புருஷன். மணிக்கட்டில் நாடித்துடிப்பு காட்டுகிற கடிகாரம் கட்டிக்கொண்டு, ஆட்டுக்குட்டி மாதிரி மலை மலையாகத் தாவுகிற ஆள். போன வருஷம் கரன்ட் இல்லாத ஒரு நாளில் சகலை வீட்டுக்கு நாலு மாடி ஏறிப் போன மெக்கானிக், வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "வாங்க" என்றவர்களுக்குக் கையைத்தான் ஆட்ட முடிந்தது. ஏதோ கெட்ட சேதி என்று நினைத்து மச்சினி அழவே ஆரம்பித்துவிட்டாள். லிஃப்ட் மெக்கானிக்கே வழியில் நின்றுபோன கதையை அந்த வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"என்னங்க, தங்கச்சி வேன் சொல்லிட்டா. அவ புருஷனே ஓட்டறாராம். இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு மலைக்கு."

"தாராளமா போலாமே," என்றார் மெக்கானிக். 'மாட்டேன்' என்ற சொல் அந்த வீட்டில் அவர் வாய்க்கு வந்ததில்லை. "ஆனா ஒண்ணு. மலைக்குப் போடுறமாதிரி எங்கிட்ட பேன்ட் இல்ல."

"பீரோ நிறைய என்ன இருக்கு?"

"அதெல்லாம் கனம். வேர்த்தா ஒட்டிக்கும். வெயில்ல மலை ஏறுறதுக்குன்னே லேசான பேன்ட் வருது. முட்டிக்கு மேல ஜிப்பு. காலைல முழுசு. வெயில் வந்தா காலைக் கழட்டி வச்சிட்டா அரை."

"ரெண்டும் ஒண்ணுலயேவா? நல்லாருக்கே. வாங்கிடுங்க."

"வாங்கலாம். ஆனா பாத்துப் பாத்துத்தான் வாங்கணும்."

இதுதான் திட்டம். பார்ப்பது, மேலும் பார்ப்பது, மழை வரும்வரை பார்த்துக்கொண்டே இருப்பது. சரியான பேன்ட் கிடைக்காத மனுஷனை மலையில் ஏற்ற யாருக்கு மனசு வரும்?

ஒரே ஒரு விஷயத்தை மெக்கானிக் மறந்துவிட்டார். அவர் மனைவி வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில். கண் பரிசோதனை. வருகிறவர் மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, "இது தெளிவா, இதுவா? முன்னாடி இருந்ததா, இப்ப இருக்கறதா?" என்று வட்டக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போடுவாள். கொஞ்ச நேரத்தில் எதை நல்லது என்று சொன்னோம், எதை வேண்டாம் என்றோம் என்று அந்த ஆளுக்கே குழம்பிவிடும். அவளுக்குக் குழம்பாது.

கடைக்கு அவளும் கூடவே வந்தாள். விற்பனையாளர் ஒரு மேஜை நிறையப் பேன்ட்டைப் பரப்பினார்.

"இது நைலான் சார். இது பாலியஸ்டர். இது ரெண்டும் கலந்தது."

"எது லேசு?"

"எல்லாமே லேசுதான் சார்."

"எது சீக்கிரம் காயும்?"

"நனைச்சாத்தான் தெரியும் சார்."

"ஷூவைக் கழட்டாம காலைக் கழட்ட முடியுமா?"

விற்பனையாளர் ஒரு கணம் மெக்கானிக்கின் காலையே பார்த்தார். "பேன்ட் காலா சார்? இதுல கணுக்கால்கிட்ட பக்கவாட்டுல இன்னொரு ஜிப்பு இருக்கு. திறந்தா ஷூவோட உருவிடலாம். ஆனா இந்த மாடல்ல அது இல்ல. அந்த மாடல்ல இருக்கு, பாக்கெட் இல்ல."

"பாதி ஜிப்பைத் திறந்து விட்டா?"

"அப்ப முக்கால் சார்."

கழட்டினது கால், மிச்சம் இருப்பது அரை, இவர் சொல்வது முக்கால், வாங்குவது முழுசு. மெக்கானிக்குக்குத் தலை லேசாகச் சுற்றியது. இந்தக் குழப்பம் திட்டத்தில் இல்லை. குழம்பியதுபோல் நடிப்பதாகத்தான் இருந்தது.

"இது எப்படி இருக்கு? இல்ல, இதுவா?" என்றாள் மனைவி.

"கறுப்பு வெயிலை இழுக்கும்."

"சரி. இது? முன்னாடி பாத்ததா, இப்ப பாக்கறதா?"

"இது நடந்தா சரசரன்னு சத்தம் போடும்."

"சரி. இது?"

"ஜிப்பு முட்டியை உரசும். உரசி உரசிப் புண்ணாயிடும்."

"ஐயோ, புண்ணாகக்கூடாது. போட்டே பாத்துடுங்க."

போட்டுப் பார்க்கிற அறையில் மூன்று பேன்ட்டோடு நுழைந்தார். எல்லாவற்றையும் கழட்டிப் பார்த்தார். ஆறு கால்கள் தரையில் கிடந்தன. எந்த இடுப்புக்கு எந்தக் கால், எது இடது, எது வலது என்று தெரியவில்லை. லிஃப்ட்டின் நூறு ஒயர்களைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிறவர், அகப்பட்டதை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஒரு கால் சாம்பல், ஒரு கால் பச்சை. பச்சை முன்பின் மாறியிருந்ததால் அவர் ஒரு காலில் வருவதுபோலவும் இன்னொரு காலில் போவதுபோலவும் இருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார்.

"எந்தப் பேன்ட்டைக் கேக்கறீங்க?" என்றாள் மனைவி.

வீட்டுக்கு வந்த பிறகும் அவர் விடவில்லை. சாப்பிடும்போது, இடுப்பு எலாஸ்டிக் இறங்கிவிடும் என்றார். விளக்கை அணைத்த பிறகு, காலுக்கு வலது இடது என்று அடையாளம் இருந்தால்தான் சரிவரும் என்றார். அவள் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினாள். எதிர்ப்பே இல்லை. மெக்கானிக்குக்கு அதுவே கொஞ்சம் உறுத்தியது. சரி, நம்மை நினைத்து இரக்கப்படுகிறாள் போல என்று தேற்றிக்கொண்டார்.

அந்த ஞாயிறுக்கு முந்தின மாலை அவள் ஒரு பொட்டலத்தோடு வந்தாள்.

"என்னது?"

"உங்க பேன்ட்."

"நான் இன்னும் எதையும் சரின்னே சொல்லலையே!"

"சொல்லல. நீங்க வேண்டாம்னு சொன்னதையெல்லாம் ஒவ்வொண்ணாத் தள்ளிட்டே வந்தேன். கடைசில இது ஒண்ணுதான் நின்னுச்சு. எங்க கடையிலயும் இப்படித்தான்ங்க பவர் கண்டுபிடிக்கறோம்."

வெளிர் மணல் நிறம். சத்தமே இல்லை. ஜிப்புக்கு உள்பக்கம் மெத்தென்று ஒரு துணிப்பட்டி. கணுக்காலில் பக்கவாட்டு ஜிப்பு. இடது ஜிப்பில் சிவப்பு நூல், வலதில் நீலம். போட்டுப் பார்த்தார். போட்டிருக்கிறோமா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவு லேசு. வாழ்க்கையில் எந்தத் துணியும் அவருக்கு இப்படி அமைந்ததில்லை. கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று புரியாமல் கண்ணாடி முன் வெகுநேரம் திரும்பித் திரும்பி நின்றார்.

ஆனால் வழி இன்னும் அடைபடவில்லை. அடிவாரத்தில் முட்டி வலி வரவழைத்துக்கொண்டு பின்தங்கிவிட்டால் போயிற்று.

விடியும்போதே வேன் அடிவாரம் சேர்ந்துவிட்டது. ஒரு ஈ காக்கை இல்லை. ஒரு ஓரமாகக் கடை, அதில் ஒரு மின்விசிறி. மெக்கானிக் மின்விசிறியைக் குறித்து வைத்துக்கொண்டார்.

"என்னங்க, இப்பவே புழுங்குது. காலைக் கழட்டிக் குடுத்துடுங்க. ஏற வசதியா இருக்கும்," என்றாள் மனைவி.

அவருக்கு ஒரே தயக்கம். வீட்டுக்குள்கூட முழுப் பேன்ட்டில் நடமாடுகிற ஆள். அவர் முட்டியைப் பார்த்தவர்கள் இரண்டே பேர், மனைவியும் எலும்பு டாக்டரும்.

"யாரு இருக்கா இங்க? உங்க சகலையே அரையிலதான நிக்கறாரு?"

கழட்டினார். அவள் சுருட்டி வாங்கிக்கொண்டு வேன் பக்கம் போய், தோள்பையோடு வந்தாள்.

முதல் வளைவிலேயே மெக்கானிக் முட்டியைப் பிடித்துக்கொண்டார். "ஆ! பிடிச்சுக்கிச்சு. நீங்கல்லாம் போங்க. நான் கீழ உக்காந்திருக்கேன்."

"மாமா, நான் வேணா துணைக்கு இருக்கட்டுமா?" என்றாள் மச்சினி.

"வேண்டாம்டி, அவர் இருந்துப்பாரு. வேன் சாவியக் குடு," என்றாள் மனைவி.

இவ்வளவு சுலபமாகவா? மறுபடியும் உறுத்தியது. உறுத்தலோடு நொண்டினார். அவர்கள் கண்ணுக்கு மறைந்ததும் நொண்டுவதை நிறுத்தினார். கீழே வந்து பார்த்தால், இரண்டு பஸ்கள் நின்றுகொண்டிருந்தன. கடை முழுக்கக் கூட்டம். மின்விசிறிக்கு நேர் கீழே, காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, புகாரம்மா.

புகாரம்மா என்பது மெக்கானிக் வைத்த பெயர். அவர் லிஃப்ட் பராமரிக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர். லிஃப்ட் இருமினால்கூடப் போன் போடுகிறவர். சீருடையில் போனாலே "சட்டைப் பித்தான் எங்கே?" என்று கேட்கிற அம்மா. இந்த முட்டியோடு அந்தம்மா முன்னால் போய் நிற்பதா?

மெக்கானிக் ஓடிப்போய் வேனுக்குள் புகுந்து கதவைச் சாத்தினார். உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்துப் புகாரம்மா எழுந்து, தலை வாரிக்கொள்ள வேன் கண்ணாடியைத் தேடி வந்தார். மெக்கானிக் சீட்டில் சரிந்து போனை எடுத்தார்.

"கால் எங்க?" என்றார் கிசுகிசுப்பாக.

"இப்ப பண்ணியிருக்கீங்களே, இதுதான் கால்."

"அந்தக் கால் இல்ல. என் கால்!"

"பிடிச்சுக்கிச்சுன்னீங்களே, அந்தக் காலா?"

"ஐயோ, பேன்ட்டோட கால்!"

"அதுவா. பத்திரமா வச்சிருக்கேன். கவலையே படாதீங்க. எங்கேர்ந்து பேசறீங்க?"

"வேன்லேர்ந்து. என் சீட்லதான் கிடக்கேன். எனக்கு இப்ப உடனே வேணும்."

"சரி, நீங்களே சொல்லுங்க. எது வசதி? அங்கயே இருக்கறதா, மேல வர்றதா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புகாரம்மாவின் சீப்பு தெரிந்தது.

"மேல வரேன்!"

மறுபக்கக் கதவைத் திறந்து பாதையில் ஏறினார். ஏறினார் என்பது சரியில்லை, ஓடினார். கீழே பார்க்கப் பயந்து மேலே போனார். மூச்சு வாங்கியது, நின்றார், பஸ் கூட்டத்தின் பேச்சுக் குரல் பாதையில் கேட்டது, மறுபடி ஓடினார். பாதிக்கு மேல் ஒரு பாறையில் சகலை உட்கார்ந்து, கடிகாரத்தையும் நெஞ்சையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மச்சினி விசிறிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஒரு நிமிஷம் உக்காந்துட்டு..."

"நேரமில்ல. என் கால் மேல இருக்கு."

சகலை குழப்பத்தோடு பார்ப்பதைத் திரும்பிப் பார்க்கக்கூட அவர் நிற்கவில்லை.

உச்சியில் ஒரு மரத்தடியில் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தாள். கீழே முழுச் சமவெளியும் கிடந்தது, காற்று அள்ளிக்கொண்டு போனது. மெக்கானிக் வந்து நின்றார். நிற்க முடியாமல் உட்கார்ந்தார். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"உங்க சகலை எங்கங்க?"

"பின்னாடி... உக்காந்துட்டாரு..." சொல்லும்போதே அதன் அர்த்தம் அவருக்கே அப்போதுதான் உறைத்தது. சகலையை முந்திவிட்டார்! முகம் மலர்ந்தது. நெஞ்சு நிமிர்ந்தது. முட்டியைப் பற்றிய வெட்கம்கூடக் கொஞ்சம் குறைந்தது. இந்தக் கோலத்திலேயே சகலைக்குத் தரிசனம் தரலாமா என்று ஒரு விநாடி யோசித்தார். வேண்டாம், முழு மனுஷனாகவே நிற்போம்.

"சரி, காலைக் குடு," என்றார் கம்பீரமாக.

"இங்க ஏதுங்க?" என்றாள் அவள். "அது வேன்லதான் இருக்கு. நீங்க கிடந்தீங்களே, அந்த சீட்டுக்கு அடியில."